எண் பதினான்கு விட்ட பந்துகள்

மே 12, திங்கள்

இருபத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை லீக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதினேன். நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தையே மூடிவிட்டதால், ஐம்பத்தெட்டாவது வயதில் இன்று பேஸ்பால் நிபுணராகப் பொறுப்பேற்றேன்.

நேர்காணலில் ஒரே கேள்விதான்.

"பேஸ்பால் பாத்திருக்கீங்களா சார்?"

"இல்லை."

"சூப்பர். அப்போ பயாஸ் இருக்காது."

கேட்டவர் நிரஞ்சன், எங்கள் குழுத் தலைவர், வயது இருபத்தெட்டு. அறியாமையை நடுநிலை என்று அழைக்கும் முதல் முதலாளியை இன்றுதான் சந்தித்தேன்.

அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு பம்புசெட் கம்பெனிக்கு மேல்மாடி. காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை. அமெரிக்காவில் ஏதோ ஒரு தொழில்முறை லீக். அதன் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையாததால் ரகசியம் பத்திரமாக இருக்கிறது. ஆட்டத்திலிருந்து, ஃபீல்டரின் கையில் பட்டுக் கீழே விழுந்த பந்துகளை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு எட்டு வினாடி. பார்த்துவிட்டு இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். 'எளிது' என்றால் சாதாரண ஆட்டக்காரன் பிடித்திருப்பான், விட்டது இவன் குற்றம். 'கடினம்' என்றால் யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள், மன்னிக்கலாம். நாளொன்றுக்கு முந்நூறு துண்டு.

ஒரே துண்டை நான்கு பேர் பார்க்கிறோம். பெரும்பான்மை எதுவோ அதுவே உண்மை. உண்மைக்கு மாறாக அழுத்தியவர் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால், முந்தைய மாதம் யார் அதிகமாக ஒத்துப்போனாரோ அவர் சொன்னது உண்மை. இந்த ஒத்துப்போகும் விகிதத்துக்கு 'ஒப்புமை' என்று பெயர். ஜூலை மாத ஒப்புமை எண்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் வேலை கிடையாது. ஜனநாயகத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக அதை நடத்திக் காட்டி இப்போதுதான் பார்க்கிறேன்.

மே 14, புதன்

பயிற்சி வகுப்பு. ஆட்டத்தின் விதிகளை இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்தார்கள். அதில் ஒன்றரை மணி நேரம் அதிகப்படி என்று தோன்றியது.

பத்து முறை அடிக்கப் போய் ஏழு முறை ஒன்றும் செய்யாமல் திரும்புகிறவனை இவர்கள் மேதை என்கிறார்கள். அந்த மேதைமையை எழுதும்போது முன்னால் பூஜ்யம்கூடப் போடாமல் வெறும் புள்ளியில் ஆரம்பித்து .300 என்கிறார்கள். பயிற்சியாளருக்கு அறுபத்தைந்து வயதாகித் தொந்தி விழுந்திருந்தாலும் ஆட்டக்காரர்களின் உடுப்பைத்தான் போட்டுக்கொள்கிறார். நம் ஊரில் ஒரு தலைமையாசிரியர் அரை டவுசரோடு பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எதிரணியில் நன்றாக அடிக்கிறவன் வந்தால் அவனுக்குப் பந்தே போடாமல், நான்கு விரலைக் காட்டி, அடித்தவன் ஓடிச் சேர வேண்டிய நான்கு மூலைகளில் முதலாவதான முதல் தளத்துக்கு நடத்தி அனுப்பிவிடலாம். பயத்துக்கு வியூகம் என்று பெயர் வைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

புள்ளிவிவரம் தனிச் சமுத்திரம். ஒருவனுக்குப் பதிலாக எவனோ ஒரு முகமற்ற சாதாரண ஆளை நிறுத்தியிருந்தால் எத்தனை ஆட்டம் தோற்றிருப்போம் என்றுகூடக் கணக்கிடுகிறார்கள். அந்த முகமற்ற ஆள் யார் என்று கேட்டேன். "அது ஒரு கான்செப்ட் சார்" என்றார் நிரஞ்சன்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கையுறை. முறம் அளவுக்குத் தோல் கையுறை. அதைப் போட்டுக்கொண்டும் பந்தை விடுகிறார்கள். பெரம்பூர் ரயில்வே மைதானத்தில் வெறும் கையால் கேட்ச் பிடித்தே விரல் கோணிப்போனவர்கள் நாங்கள். முதல் நாள் முந்நூறில் இருநூற்றைம்பதுக்கு 'எளிது' போட்டேன். மிச்சம் ஐம்பதும் என் பெருந்தன்மை.

மே 26, திங்கள்

என் ஒப்புமை தொண்ணூற்றாறு. நால்வரில் முதலிடம்.

மற்ற மூவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குணாளன், கொடுங்கையூர், நாற்பது வயது, ஐந்தாம் டிவிஷனில் வேகப்பந்து வீசியவர். வேகம் போய்விட்டது, கோபம் இருக்கிறது. ஜமால் விக்கெட் கீப்பர். எதையும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார். நான்காவது செண்பகவல்லி, இருபத்து நான்கு வயது, கோவில்பட்டி. அந்த ஊரில் பிறந்தால் ஹாக்கி மட்டையோடு பிறக்க வேண்டும் என்பார்கள். இந்தப் பெண் சாஃப்ட்பால் ஆடிப் பல்கலைக்கழக அணிவரை போயிருக்கிறாள். சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலின் தங்கை. பந்து கொஞ்சம் பெரிது, மைதானம் கொஞ்சம் சிறிது. மற்றபடி அதே கையுறை, அதே அபத்தம். ஆக, இந்த அறையில் அந்தக் கையுறையை வாழ்நாளில் மாட்டியிருப்பவள் அவள் ஒருத்திதான். எனவே அவளுடைய ஒப்புமைதான் ஆகக் குறைவு. எண்பத்து மூன்று.

"இன்னாமா நீ, மூணு பேரு ஒரு ரூட்ல போறோம், நீ மட்டும் தனியா போற?" என்றார் குணாளன்.

"நீங்க மூணு பேரும் கிரிக்கெட் பாக்கீங்கண்ணே. நான் வந்த பந்தப் பாக்கேன்."

"கொயந்த கணக்கா கைல வந்து வுயுது. அத வுட்டுட்டு நிக்கிறான். அதுக்கு கடினமா?"

"ஓடுதவன் மூணே முக்கால் செகண்டுல முதல் தளத்துக்குப் போயிருவாண்ணே. பிடிச்சிட்டு நிதானமா நிமிரதுக்கு நேரம் கிடையாது. பிடிக்கும்போதே கிளவ்வுக்குள்ள இருந்து எடுத்து, அவனுக்கு முன்னால அங்க எறியணும். எடுக்கையிலதான் விழுது, பிடிக்கையில இல்ல."

ஜமால் திரும்பிக்கூடப் பார்க்காமல் 'எளிது' அழுத்தினார். அழகாகச் சிவந்தது அவள் பெயர்.

தேநீர் நேரத்தில் தெரிந்துகொண்டது: மாலை நான்கு மணிக்கு ஒரு மாநகராட்சி மைதானத்தில் அவளுக்குப் பயிற்சி. ஆகஸ்ட் 24 அன்று மாநில அணிக்குத் தேர்வு. இந்த வேலை மூன்று மணிக்கு விடுவதால்தான் அவளால் ஆட முடிகிறது.

"அப்பா கறாராச் சொல்லிட்டாங்க சார். வேலை இருக்க வரைக்கும் மெட்ராசு. போச்சுன்னா மறுநாளே பஸ் ஏறிரணும்."

"அப்படியானால் எங்களோடு ஒத்துப்போ. இரண்டு பொத்தான்தானே."

"கண்ணு முன்னால நடக்கத எப்படி சார் மாத்திப் போட?"

இளமையில் எல்லோருக்கும் இந்த வியாதி வரும். எனக்கு எப்போது குணமாயிற்று என்று நினைவில்லை.

ஜூன் 5, வியாழன்

துண்டுகளில் ஆட்டக்காரர் பெயர் வராது. முதுகில் எண் மட்டும் தெரியும். பச்சைச் சட்டை அணியில் பதினான்காம் எண் எங்களுக்குச் செல்லப் பிள்ளை. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கிறான். எங்கே பந்து போனாலும் ஓடுகிறான், விழுகிறான், புரள்கிறான், முழங்கையெல்லாம் மண், கடைசியில் பந்து நழுவுகிறது. குணாளன் அவனுக்கு 'ஓட்டைக்கை' என்று பெயர் வைத்தார். அவன் திரைக்கு வந்தாலே அறையில் கொண்டாட்டம்.

"தலீவா, நம்மாளு வந்துட்டான்!"

இன்று ஒன்பது துண்டு. ஒன்பதுக்கும் 'எளிது'. செண்பகவல்லி எட்டுக்குக் 'கடினம்'.

வீட்டில் மிக்ஸி பழுது. என் மனைவி மரகதம் சட்னியை அம்மியில் அரைக்கச் சொன்னாள். எனக்கு அலுவலக வேலை இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

அமெரிக்கப் பேஸ்பால் செய்திகளை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். தொழில் தர்மம். பழக்கமாகிவிட்டது என்று மரகதம் சொல்வது மிகை.

பச்சைச் சட்டை அணியின் ஊர்ப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுத்தாளர் நீளமாக எழுதியிருந்தார். ஓட்டைக்கையின் பெயர் நெல்சன் பார்க்கெரோவாம். அந்தக் கட்டுரையின் சாரம் இது: பார்க்கெரோ ஆடுவதைக் கண்ணால் பார்த்தால் அவன் அணியிலேயே நல்ல ஃபீல்டர் போலத் தெரிகிறான். ஆனால் கண்கள் ஏமாற்றும், எண்கள் ஏமாற்றா. நவீன அளவீட்டின்படி, சென்ற ஆண்டு அவன் தன் அணிக்கு நான்கு ஓட்டங்களை மிச்சப்படுத்தினான். இந்த ஆண்டு பதினோரு ஓட்டங்களை வாரிக் கொடுத்திருக்கிறான். அணி நிர்வாகம் உணர்ச்சிவசப்படாமல் விஞ்ஞானத்தின் சொல்லைக் கேட்க வேண்டும்.

படித்து முடித்துத் திரும்பிப் பார்த்தேன். விஞ்ஞானம் கையில் வாழைக்காய் பஜ்ஜியோடு ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணெய் விரலால் பொத்தானை அழுத்த முடியாமல் புறங்கையால் அழுத்தியது.

கட்டுரையைக் குணாளனுக்குப் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டார்.

"நம்ம பேர் போட்டிருக்கானா தலீவா?"

"நவீன அளவீடு என்று போட்டிருக்கிறான்."

"அது நாமதான?"

"நாமேதான்."

ஜூன் 18, புதன்

செண்பகவல்லியும் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டாள். மதியச் சாப்பாட்டின்போது என் எதிரே வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"சார், நமக்கு எந்த கிளிப் வருது?"

"கையில் பட்டு விழுந்தது."

"கையிலயே படாதது?"

"வராது. அதில் மதிப்பிட என்ன இருக்கிறது?"

"அதான் சார். பதினாலு மாதிரி ஓடிப் போயித் தொடுதவன்தான் நம்மகிட்ட வருவான். பந்து பக்கத்துல போகும்போது ரெண்டடி எடுத்து வச்சிட்டு நின்னு வேடிக்கை பாக்கான் பாருங்க, அவன் ஒரு கிளிப்புலயும் வரமாட்டான். போகாதவன் மேல தப்பே விழாதுல்லா? அவனுவ எல்லாருக்கும் நூத்துக்கு நூறு. இவன் ஓடுதான், அதனால விடுதான்."

நான் தயிர்சாதத்தைப் பிசைந்தேன்.

அரசு அலுவலகங்களைப் பற்றி முப்பது ஆண்டு காலம் நண்பர்களோடு பேசி வந்த ஒரு கருத்தை, சாஃப்ட்பால் ஆடும் பெண் ஒருத்தி மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் கையுறை முறம் அளவுதான். அதைச் சொன்னேன்.

"நாளைக்குக் கொண்டாரேன் சார். மாட்டிப் பாருங்க" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

மூன்று மணிக்கு மேல், பம்புசெட் கம்பெனியின் லாரி நிற்கும் இடத்தில். பதினைந்து அடி தள்ளி நின்று அவள் பந்தைத் தரையில் அடித்து எறிந்தாள். மெதுவாகத்தான் எறிந்ததாகச் சொன்னாள்.

வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. தரை சிமெண்ட், பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. கையுறை அவள் கை அளவுக்குப் பழகியது. அதற்குள் விரலை நுழைத்தால் கை நம்முடையதாகவே இருப்பதில்லை, பந்து வந்து சேர்ந்ததா இல்லையா என்பதே தெரிவதில்லை. மேலும் நான் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. இக்காரணங்களால் ஆறு பந்துகள் விழுந்தன. நான்காவது நெஞ்சில் பட்டது.

ஏழாவதைப் பிடித்தேன்.

"பிடிச்சீங்க சார்! இப்ப அத எடுத்து, திரும்பி, அந்த லாரி டயர் மேல எறிங்க. மூணே முக்கால் செகண்டு. ஒண்ணு..."

கையுறைக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் நான்கு எண்ணிவிட்டாள். பந்து கீழே விழுந்து லாரிக்கு அடியில் உருண்டது. லாரி ஓட்டுநர், "பெருசு, இது நமக்கு ஆவாது" என்று அபிப்பிராயம் சொன்னார். அவருடைய ஒப்புமை நன்றாக இருக்கும்.

நெஞ்சில் நீலம் பாரித்திருப்பதை மரகதம் பார்த்துவிட்டாள். ஷேர் ஆட்டோ கம்பி என்றேன்.

ஜூன் 30, திங்கள்

ஜூன் மாத ஒப்புமை: நான் தொண்ணூற்றேழு. குணாளன் தொண்ணூற்று மூன்று. ஜமால் தொண்ணூற்றிரண்டு. செண்பகவல்லி எண்பத்திரண்டு. ஜூலையில் இரண்டுக்கு இரண்டு பிரிந்தால் தீர்ப்பு என்னுடையது.

நிரஞ்சன் அவளை அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். கண்ணாடிக் கதவு என்பதால் கேட்கவில்லை, தெரிந்தது. அவர் நிறையக் கையாட்டினார். அவள் ஆட்டவில்லை.

இன்று முந்நூறில், 'எளிது' போடுவதற்கு முன் சில துண்டுகளை இரண்டாம் முறை பார்த்தேன். பார்த்துவிட்டு 'எளிது' போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

பார்க்கெரோவைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்களாம். நான்கு வரிச் செய்தி. "பந்துகளைத் துரத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்வேன்" என்று அவன் சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பதிலாக இனி முப்பத்தோராம் எண் நிற்பான். எனக்கு அவனைத் தெரியாது. எங்கள் திரைக்கு அவன் வந்ததே இல்லை.

குணாளனுக்கு வருத்தம். "சே, ஜாலியே போச்சு தலீவா."

ஜூலை 13, ஞாயிறு

பத்து நாட்களாக எழுதவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவினோம். மிக்ஸியை வாங்கி வந்தேன். மின்வாரியத்துக்குப் போய்ப் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தேன். எல்லாம் நேரம் எடுக்கும் வேலைகள்.

ஜூலை 14, திங்கள்

இன்று முந்நூறில் நூற்றெழுபதுக்குக் 'கடினம்' போட்டேன். பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. அவளும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் இரண்டுக்கு இரண்டு பிரிந்த துண்டுகளில் தீர்ப்பு என்னுடையது என்பதால், மாலைக்குள் உண்மை இடம் மாறிவிட்டது. நேற்றுவரை உண்மையாக இருந்த குணாளனும் ஜமாலும் இன்று சிவப்பு.

ஜூலை 24, வியாழன்

இம்மாதத்தில் இதுவரை செண்பகவல்லி எண்பத்தெட்டு. குணாளன் எண்பத்து நான்கு.

குணாளன் படிக்கட்டில் என்னை மறித்தார்.

"இன்னா தலீவா, என் சோத்துல கைய வெச்சிட்டியே."

"நான் பார்த்ததைத்தான் போட்டேன்."

"ரெண்டு மாசமா இன்னாத்த பாத்த? அப்போ நீயும் நானும் ஒண்ணாத்தான பாத்தோம்?"

நியாயமான கேள்வி.

ஜூலை 25, வெள்ளி

நிரஞ்சன் கூப்பிட்டார்.

"சார், திடீர்னு உங்க பேட்டர்ன் மாறியிருக்கு. குணாளன் கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கார். நீங்களும் அந்தப் பொண்ணும் பேசிவச்சு போடறீங்களா?"

"இல்லை. அவள் செய்தது சரி என்று புரிந்துகொண்டேன். இரண்டு மாதமாக நாங்கள் மூவரும் தவறாகப் போட்டிருக்கிறோம்."

"அத எழுத்துல குடுங்க சார்" என்றார்.

ஜூலை 28, திங்கள்

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கையுறை, மூன்றே முக்கால் வினாடி, ஓடாதவனுக்குக் கிடைக்கும் நூற்றுக்கு நூறு, கிரிக்கெட் மட்டுமே தெரிந்த மூன்று ஆண்களின் ஏளனம் எப்படி ஓர் அமெரிக்க லீக்கின் புள்ளிவிவரமாயிற்று என்பது, எல்லாம். என் வாழ்நாளில் எழுதியவற்றில் நல்ல உரைநடை என்றே சொல்வேன்.

நிரஞ்சன் முழுவதையும் படித்தார். கதவைச் சாத்தினார்.

"சூப்பரா எழுதியிருக்கீங்க சார். ஆனா யோசிச்சுப் பாருங்க. நீங்க தப்புன்னா பதினாறாயிரம் கிளிப் தப்பு. கான்ட்ராக்ட் போயிடும், நாப்பது பேருக்கு வேலை போயிடும். அவ தப்புன்னா, ஒரு ஆள்தான் தப்பு."

என் இரண்டு பக்கத்தையும் திருப்பி என் கையில் கொடுத்தார்.

"கண்ணுல புரை, ஸ்க்ரீன் சரியா தெரியலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மெடிக்கல் ரீசன். உங்க பதினாலு நாள் டேட்டாவ மட்டும் எடுத்துடுவோம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அவளுக்கு?"

"பழைய கணக்குதான் சார். அது சிஸ்டம் பாத்துக்கும்."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். நான் எழுதவில்லை என்று இங்கே குறிக்க ஆசையாக இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

செண்பகவல்லி, எண்பத்திரண்டு புள்ளி நான்கு.

மேசையைக் காலி செய்ய அவளுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. தண்ணீர் பாட்டில், ஒரு குடை, சாஃப்ட்பால் ஷூ. குணாளன் எழுந்து நின்று, "மன்சுல ஒண்ணும் வெச்சிக்காதம்மா" என்றார். "இல்லண்ணே" என்றாள்.

படியிறங்கும் இடத்தில் நான் நின்றிருந்தேன். தற்செயலாக.

"சார், உங்களுக்குக் கண்ணுல புரைன்னு சொன்னாங்களே. நெசமாவா?"

"வயசாகிறது அல்லவா."

கொஞ்ச நேரம் என் கண்களையே பார்த்தாள். மருத்துவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை.

"கைல கிளவ்வ மாட்டிக்கிட்டு ஏழாவது பந்தப் பிடிச்சீங்களே, பாத்துத்தானே சார் பிடிச்சீங்க?"

நான் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டேன்.

"அப்பா நாளைக்குக் காலைல வந்துருவாங்க. 'ஒழுங்கா வேலை பாத்திருந்தா ஏன் நிறுத்துதான்'னு போன்ல ஒரே சத்தம். அவங்கட்ட என்னத்தச் சொல்ல? மூணு பேரு சொன்னா அதான் சரின்னுதான் அவங்களும் நினைப்பாங்க."

"தேர்வு?"

"எங்க சார். சரி, வாரேன். ஒடம்பப் பாத்துக்கோங்க."

திட்டியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நான்காவது நாற்காலிக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு இடக்கைச் சுழல்பந்து வீச்சாளர் வந்திருக்கிறார். முதல் நாளே ஒப்புமை தொண்ணூற்றொன்பது.

நான் 'கடினம்' போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒரு கெடுதலும் இல்லை என்று கண்டுபிடித்தேன். நான் எழுதிக் கொடுத்த தாள் கோப்பில் இருக்கிறது. ஆகவே மற்ற மூவரோடு நான் ஒத்துப்போகாத துண்டுகளையெல்லாம் 'பார்வைக் குறைபாடு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சிவப்புப் புள்ளிகூட வருவதில்லை. தவறு செய்தபோது நான் நிபுணன். சரியாகச் செய்யும்போது நோயாளி. நிரஞ்சன் கண் சொட்டு மருந்து வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். நல்ல பிள்ளை.

"சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடுங்க சார். கம்பெனி இன்ஷூரன்ஸ்ல கவர் ஆகும்."

ஆகஸ்ட் 14, வியாழன்

கண் மருத்துவமனை. கண்ணில் எதையோ ஊற்றி, மூன்று மணி நேரம் உட்காரவைத்து, ஐந்து கருவிகளில் தாடையை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெண் மருத்துவர் சிரித்தார்.

"யாரு சொன்னாங்க புரைன்னு? உங்க வயசுக்கு இவ்ளோ சுத்தமான கண்ண நான் இந்த வாரம் பாக்கல. படிக்கிறதுக்கு மட்டும் இந்தக் கண்ணாடி போதும்."

"எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

மருத்துவமனை முத்திரையோடு கொடுத்தார். அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். நிரஞ்சன் படித்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இத மட்டும் இங்க யார்கிட்டயும் காட்டிடாதீங்க சார்."

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. காலையில் தொலைக்காட்சியில் கொடி ஏற்றினார்கள். மரகதம் ரவா கேசரி செய்தாள்.

நவீன அளவீட்டை வெளியிடும் அமெரிக்க நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், கீழே சின்ன எழுத்தில், கருத்துகள் வரவேற்கப்படுகின்றன என்று ஒரு முகவரி இருக்கிறது. யாரும் வரவேற்காத கருத்தை அனுப்பத் தோதான இடம். என் இரண்டு பக்கக் கடிதம், ஜூலை 28 அன்று நான் கொடுத்த ஒரு வரித் தாளின் நகல், மருத்துவச் சான்று, மூன்றையும் அனுப்பினேன். கடிதத்தின் மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: அந்த அறையில் ஆட்டம் தெரிந்து மதிப்பிட்டவர் செண்பகவல்லி ஒருவரே. அவர் நீக்கப்பட்டது அதனால்தான்.

அதே மூன்றையும், தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு, கோவில்பட்டிக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். சுருக்கத்தை அவள் அப்பாவுக்கு எழுதினேன். முப்பது ஆண்டுக்குப் பிறகு அன்புள்ள ஐயா என்று தொடங்கிய கடிதம்.

மரகதம் பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

"வேலை போயிடும்ல?"

"போகும்."

"அந்தக் கம்பி பட்ட காயம் எப்படி வந்ததுன்னு இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கேசரியை வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அமெரிக்காவிலிருந்து பதில் இல்லை. அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

மாலையில் கோவில்பட்டியிலிருந்து அழைப்பு. அவள் குரல் அல்ல, ஆண் குரல்.

"தணிகாசலம் சாரா? நான் செம்பகத்தோட அப்பா பேசுதேன். படிச்சேன். அப்ப எம்புள்ள தப்பாப் போடல?"

"இல்லைங்க. நாங்கதான் போட்டோம்."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

அந்தப் பக்கம் ஒரு பேருந்து ஹாரன் கேட்டது.

"படிச்ச மனுசங்க, மூணு பேரு ஒரே மாதிரியா தப்புப் பண்ணுவீக?"

"பண்ணுவோம்."

"ஏன்யா, இத அன்னைக்கே சொல்லியிருந்தா எம்புள்ளையப் பிடிச்சு நான் அந்த ஏச்சு ஏசியிருப்பனா?" என்றார். பிறகு பக்கத்தில் யாரிடமோ, "எட்டி, சனிக்கிழம ராத்திரி பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் போடு. நானும் வாரேன்" என்றார். மறுநாள் ஞாயிறு, 24ஆம் தேதி, மாநில அணித் தேர்வு. அது எனக்குச் சொன்னதல்ல. என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனை வைத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

முதல் துண்டில் எனக்குத் தெரியாத ஓர் எண். இடப்பக்கம் பாய்ந்து, மண்ணில் சறுக்கி, பந்தைத் தொட்டு, எழுவதற்குள் நழுவவிட்டான். மற்ற மூவரும் 'எளிது' போட்டார்கள். குணாளன் வழக்கம்போல் சிரித்தார்.

நான் 'கடினம்' அழுத்தினேன்.

மூன்று பேரும் தவறு.